கராஜ்காரர் மேல் வழக்குப் போடுவதா? முதலில் எஞ்சினை மூட விடாதீர்கள்

கேள்வி

ஐயா, எங்களிடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா கார் ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூடேறினால் வரும் சிவப்பு விளக்கு எரிந்து வழியில் நின்றதால், என் அண்ணாவுக்குப் பழக்கமான ஒரு கராஜில் கொடுத்தோம். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். ஹெட் கஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் வரும் தகடு, போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றி வேலை செய்தார். 165,000 ரூபாய் கொடுத்தோம். "ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் பண்ணியாச்சு அக்கா, இனிப் பயமில்லை" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பினார். ஃபேஸ் பண்ணுவது என்றால் ஹெட்டின் அடி முகத்தை லேத்தில் சீவிச் சமப்படுத்துவதாம். ஒரு மாதத்தில் மறுபடி ஹீட். இந்த முறை வோட்டர் பம்ப் என்றார். புதிய பம்ப் என்று 68,000 வாங்கினார். அதற்குப் பிறகும் சரிவரவில்லை.

போன கிழமை வேறொரு கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். திறந்து பார்த்துவிட்டு, ஹெட் வளைந்திருக்கிறது, ஃபேஸ் பண்ணின அடையாளமே இல்லை, பம்பும் பழையது, அதில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஏதோ எண் எழுதியிருக்கிறது என்கிறார்கள். புதுப் பம்போடு எல்லாம் சரிசெய்ய 235,000 கேட்கிறார்கள். முதல் வேலை முடிந்து இரண்டரை மாதமாகிறது. பழைய கராஜ்காரர் "கொண்டு வாங்கோ, காசில்லாமல் செய்து தாறன்" என்கிறார். கணவர் பொலிசுக்குப் போவோம் என்கிறார். அண்ணாவோ, ஊருக்குள் முகம் பார்க்க வேணும், விடு என்கிறார். எனக்கு வழக்குப் போட்டு முழுக் காசையும், அலைந்ததற்கு நட்டஈடாக ஐந்து இலட்சமும் வாங்கினால்தான் மனம் ஆறும். பெயரோடு ஃபேஸ்புக்கில் போடவும் யோசிக்கிறேன். வழக்குப் போட்டால் வெல்வேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்

சகோதரி, இப்போதைக்கு வழக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புதிய கராஜுக்கு ஒரு அழைப்பு எடுத்து, நான் சொல்லும் வரை அந்த எஞ்சினில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் சாட்சி முழுவதும் அந்தத் திறந்து கிடக்கிற எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, புதுக் கஸ்கட் போட்டுப் பூட்டிவிட்டால் கார் ஓடும், வழக்கு படுத்துவிடும். ஃபேஸ் பண்ணவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், பண்ணினேன் என்று அவர் சொல்வார், பார்ப்பதற்கு அந்த முகம் இருக்காது. இந்த மாதிரி விஷயத்தோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் கார் திருத்தி ஓடத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள். கார் இல்லாமல் இருக்க முடியாது என்பது விளங்குகிறது. 2020இல் இறக்குமதி நின்ற பிறகு பழைய காரை வைத்தே காலம் தள்ளப் பழகிவிட்டோம். 2025இல் மறுபடி திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நம் மாதிரி ஆட்களுக்குக் கிட்ட வரவில்லை. ஆனாலும் இரண்டு கிழமை பொறுங்கள்.

அந்த இரண்டு கிழமையில் என்ன செய்வது? முதலில் படம். ஹெட்டின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், கிட்டவும் தூரவும் எடுங்கள். லேத்தில் சீவிய முகம் பளபளவென்று ஒரே சீராக, மெல்லிய கோடுகளோடு இருக்கும். சீவாத முகத்தில் பழைய கறையும் முந்திய கஸ்கட்டின் தடமும் தெரியும். நேர்விளிம்புக் கம்பியை மேலே வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துக் காட்டச் சொல்லி அதை வீடியோவாக எடுங்கள். எந்தத் தகடு நுழைந்தது என்பது அதில் தெரிய வேண்டும், ஏனென்றால் வளைவின் அளவு அந்தத் தகட்டில்தான் எழுதியிருக்கிறது. எஞ்சின் எண்ணும் காரின் இலக்கத் தகடும் அதே வீடியோவில் வரட்டும். இல்லாவிட்டால் இது யாருடைய ஹெட் என்று எதிர்த் தரப்புக் கேட்கும்.

அடுத்தது பம்ப். கழற்றிய பம்ப், கஸ்கட், ஹெட் போல்ட் எல்லாம் உங்கள் சொத்து. ஒரு பெட்டியில் போட்டு, யார் எந்தத் திகதியில் கழற்றினார் என்று எழுதி ஒட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். கராஜிலேயே விட்டால் பழைய இரும்போடு போய்விடும். அந்த மஞ்சள் எழுத்தைத் துடைக்க வேண்டாம். புதுப் பெட்டியிலிருந்து வந்த பம்பில் யாரும் பெயின்ட் பேனாவால் எண் எழுதுவதில்லை. கழற்றிய பார்ட்ஸ் விற்கிற கடைகளில்தான் அப்படி அடையாளம் போடுவார்கள். உங்கள் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த சாட்சி அதுதான். ஹெட் பற்றி ஆயிரம் விவாதம் செய்யலாம், பழைய பம்பைப் புதியது என்று விற்றதற்கு விளக்கம் சொல்வது கஷ்டம்.

பிறகு, பழைய கராஜ்காரருக்கு வட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள்: "அண்ணா, ஹெட்டை எந்த லேத்தில் ஃபேஸ் பண்ணினீங்கள்? அந்த பில்லையும் பம்ப் வாங்கின பில்லையும் ஒருக்கா அனுப்புங்கோ." கோபம் வேண்டாம், கேள்வி மட்டும். வேலை செய்திருந்தால் லேத்துக்காரர் ஒருவர் இருப்பார். இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் அதையும் அப்படியே வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் இப்படியான செய்திகளையும் குரல் பதிவையும் சாட்சியமாக முன்வைக்கலாம். அதற்காக அந்தத் தொலைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்து அசலை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு ஒரு பதிவுத் தபாலும் போக வேண்டும். எஞ்சின் இன்ன இடத்தில் திறந்து இருக்கிறது, இன்ன திகதிக்குள் நீங்களோ உங்கள் ஆளோ வந்து பார்க்கலாம், அதற்குப் பிறகு திருத்த வேலை தொடங்கும் என்று அவருக்கு எழுதுங்கள். வந்து பார்த்தால் பேச ஒரு வழி பிறக்கும். வராவிட்டால், "என்னைக் கூப்பிடாமல் கழற்றிவிட்டு என் மேல் பழி போடுகிறார்கள்" என்று பின்னால் அவர் சொல்ல முடியாது. தபால் பற்றுச்சீட்டு பத்திரம்.

இனி அறிக்கை. புதிய கராஜ்காரர் எழுதிக் கொடுப்பது உதவும். ஆனால் அவருக்கு உங்களிடம் 235,000 ரூபாய் வேலை காத்திருக்கிறது. எதிர்த் தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்பதே அதைத்தான். ஆகவே இந்தக் காரைத் திருத்தப் போகாத ஒருவரை, காப்புறுதிக் கம்பனிகளுக்கு மதிப்பீடு செய்கிற அனுபவமுள்ள ஒரு மோட்டார் அசெசரை, காசு கொடுத்துக் கூப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்துக்கு இடம் தருகிறது. ஆனால் காகிதம் தானாகச் சாட்சி சொல்லாது, எழுதியவர் கூண்டில் ஏறிக் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடிதம் தர ஆள் கிடைக்கும், கோட்டுக்கு வர ஆள் கிடைக்காது. வருவீர்களா என்று இப்போதே கேளுங்கள்.

சரி, வெல்வீர்களா? சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் சேவை செய்கிறவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார், அதற்குப் போடும் பொருளும் காரியத்துக்குத் தகுந்ததாக இருக்கும் என்ற உத்தரவாதம் வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. புதியதல்லாத பொருளைப் புதியது என்று சொல்வதற்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்திலும் ஒப்பந்த மீறலுக்கு நட்டம் கேட்கலாம்.

அவர் என்ன சொல்வார் என்றும் யோசியுங்கள். "கார் என்னிடம் வரும்போதே ஹீட் ஆகித்தான் வந்தது" என்பார். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. வளைந்து வந்திருந்தால் அளந்து பார்த்துச் சீவுவதற்குத்தான் காசு வாங்கினார், சீவியாகிவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்லியும் இருக்கிறார். எனக்குப் பயம் வேறொரு பதிலில். "நான் ஒழுங்காகச் செய்து கொடுத்தேன், அதற்குப் பிறகு அவர்கள் ஹீட்டோடு ஓட்டி மறுபடி வளைத்துவிட்டார்கள்" என்றால்? அக்வாவில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது, விளக்கு மட்டும்தான். அது சிவப்பாகும்போதே எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் சிவப்பு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? காலி வீதி நெரிசலில் ஓரம் கட்ட இடமில்லாமல் ஒரு சந்தி தள்ளி நிறுத்தியிருந்தால் அது வேறு. வீடு வரைக்கும் ஓட்டியிருந்தால் வேறு. என்னிடமோ வேறு சட்டத்தரணியிடமோ வரும்போது இதை மறைக்க வேண்டாம். ஃபேஸ் பண்ணின தடமே இல்லை என்பதை உறுதியாகக் காட்டினால் இந்தப் பதிலும் உடைந்துவிடும். அதனால்தான் அந்த முகத்தின் படத்துக்கு இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இப்போது கணக்கு. இது உங்களுக்குப் பிடிக்காது. கட்டின 165,000, பம்புக்கு 68,000, புதுச் செலவு 235,000, அதன் மேல் ஐந்து இலட்சம் என்று கூட்டுகிறீர்கள். நீதிமன்றம் அப்படிக் கூட்டாது. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, அந்த நிலைக்குக் கொண்டு வருவதுதான் நட்டஈடு. ஒழுங்காக நடந்திருந்தாலும் அந்த வேலைக்கு ஒரு தடவை காசு கட்டித்தான் இருப்பீர்கள். ஆகவே பழைய பில்லையும் திருப்பிக் கேட்டு, புதுப் பில்லையும் அவர் தலையில் கட்ட முடியாது. 235,000 முழுவதையும் கேட்டால் அதற்குள் புதுப் பம்பும் அடக்கம், பழைய பம்பின் காசைத் தனியே கேட்க இடமில்லை. பம்ப் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை என்று அசெசர் சொன்னால், 235,000 இலிருந்து புதுப் பம்பின் விலையைக் கழித்துவிட்டு 68,000 ஐச் சேர்க்கலாம். இரண்டு வழியில் போட்டாலும் தொகை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

கார் இல்லாத நாட்களில் பிக்மீ வாடகை வண்டியில் போன செலவு கேட்கலாம், பயண விபரம் செயலியிலேயே திகதியோடு இருக்கும். சேமித்த பெட்ரோலைக் கழித்துவிட்டுக் கேளுங்கள், நியாயமாகத் தெரியும். கட்டி இழுத்த கூலியும் அசெசர் கட்டணமும் சேரும். எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்துக்குள் நிற்கிற விஷயம் இது. மன உளைச்சலுக்கு ஐந்து இலட்சம் என்பதை மறந்துவிடுங்கள். ஒப்பந்த மீறல் வழக்கில் நமது சட்டம் பொருள் இழப்பைத்தான் ஈடு செய்கிறது, மன வருத்தத்துக்கு விலை போடுவதில்லை. கேட்டால் கிடைக்காததோடு, உண்மையான கணக்கையும் சேர்த்துச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.

மூன்று இலட்சத்துக்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலைவது பெறுமதியா என்பதுதான் இனி நீங்கள் யோசிக்க வேண்டியது. சிவில் வழக்கு வருடக்கணக்கில் போகும். ஏப்ரலில் விடுமுறை, ஆகஸ்டில் விடுமுறை, டிசம்பரில் விடுமுறை. இடையில் ஒரு நாள் சாட்சி வரமாட்டார், ஒரு நாள் எதிர்த் தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு கோட்டில் வேலை. ஒவ்வொரு தவணைக்கும் உங்கள் சட்டத்தரணிக்குக் காசு, உங்களுக்கு ஒரு நாள் லீவு. வென்றால் வழக்குச் செலவு கிடைக்கும் என்பார்கள். கிடைப்பது நீங்கள் உண்மையில் செலவழித்ததில் ஒரு பங்குதான். தீர்ப்புக் கிடைத்த பிறகு அறவிடுவது தனிக் கதை. வாடகைக் காணியில், கார் தூக்கும் நாலு ஜக்கும் ஒரு கொம்பிரசரும் வைத்து நடத்துகிற கராஜ் என்றால், சொத்தைக் கைப்பற்றப் போகும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் எதை எடுப்பார்?

யார் மேல் போடுவது என்பதும் தெளிவாக வேண்டும். பெயர்ப் பலகை மேல் வழக்குப் போட முடியாது. தனியாள் வியாபாரமா, கூட்டா, பிரைவேட் லிமிடெட் கம்பனியா? வியாபாரப் பெயர்ப் பதிவை அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். உங்கள் காசு எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்றும் பாருங்கள். கராஜின் பெயர் ஒன்று, கணக்கு மகனின் பெயரில் என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

அவசரமான திகதி ஒன்று இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, நுகர்வோர் அதிகாரசபை என்று எல்லோரும் சொல்கிற அதே இடத்துக்கு, முறைப்பாட்டைப் பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் முதல் வேலைக்கு இரண்டரை மாதம் போய்விட்டது. கொழும்பு 2, வொக்ஷோல் வீதி 27ஆம் இலக்கத்தில் அலுவலகம், 1977 என்ற இலக்கத்தில் விபரம் கேட்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. எழுதும்போது பம்பை முன்னுக்கு வையுங்கள். வேலைத் தரம் பற்றிய சண்டையைவிட, புதியது என்று சொல்லிப் பழைய பொருளை விற்றார் என்ற முறைப்பாடு அங்கே உறுதியாக நிற்கும். விசாரித்துவிட்டு நட்டஈடு கட்டவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை. பில் கேட்டும் தராத வியாபாரியும் இதே சட்டத்தில் மாட்டுவார், ஆகவே அந்த 68,000க்கு ஒழுங்கான பில் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

அதோடு சமாந்தரமாக ஒரு கோரிக்கைக் கடிதம். நடந்தது, தொகை, பதினான்கு நாள் அவகாசம், அவ்வளவுதான். சட்டத்தரணி மூலமாகப் போனால் கனம் கூடும், நீங்களே எழுதினாலும் செல்லும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்த மாதிரித் தகராறுகளில் கணிசமானவை இந்தக் கடிதத்தோடேயே பேச்சுக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, தொகை முதல் தடவையாக நியாயமான கணக்கோடு எழுத்தில் வருகிறது.

அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. இது நீங்கள் விரும்பினால் போகலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற இடமில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்கை முதலில் அங்கே கொண்டு போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழை வாங்கினால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை ஐந்து இலட்சமாக்கியது. உங்கள் உண்மையான தொகை அதற்கும் உள்ளேதான். ஆகவே வழக்குப் போடுவதா இல்லையா என்று இன்றைக்கு நீங்கள் மண்டையை உடைக்கவே தேவையில்லை. எப்படியும் அந்த வாசலைக் கடந்துதான் கோட்டுக்குப் போக முடியும்.

எந்தச் சபை என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு பாடசாலை வகுப்பறையில் இருப்பார்கள். செலவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு அது வருத்தம், உங்களுக்கு இலாபம். ஓய்வு பெற்ற அதிபர், ஊரில் மதிப்புள்ள ஒரு முதலாளி மாதிரி ஆட்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். ஹெட் கஸ்கட் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதில் நேரத்தைப் போக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, மஞ்சள் எழுத்துள்ள பம்பையும், "புதியது" என்று எழுதிய பில் இருந்தால் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குரல் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.

உங்கள் அண்ணா சொல்வதற்கும் இதுதான் பதில். ஊர்க்காரரைக் கோட்டுக்கு இழுத்தாள் என்ற பேச்சு வேண்டாம் என்றால், மத்தியஸ்த சபை அதற்கு வாகான இடம். அண்ணாவையே நடுவில் வைத்துப் பேசி முடித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை, பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். ஆனால் பேச்சு முடியட்டும் என்று நுகர்வோர் அதிகாரசபையின் மூன்று மாதத்தைத் தவற விடாதீர்கள். இப்படியான இடங்களில் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற சொல்லுக்கு முடிவே இருக்காது.

கணவர் சொல்கிற பொலிஸ் வழி சரிவராது. ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஹெட் வேலையில் அது கஷ்டம், அவர் வேலை தெரியாதவர் என்று மட்டும்தான் தெரியும். பம்பில் ஓரளவு பேசலாம், ஆனாலும் பொறுப்பதிகாரி இது சிவில் பிரச்சினை என்று மத்தியஸ்த சபைக்குத்தான் கையைக் காட்டுவார். ஃபேஸ்புக் வேண்டவே வேண்டாம். அவதூறுக்குக் குற்றவியல் தண்டனை 2002இல் நீங்கிவிட்டாலும் சிவில் வழக்கு அப்படியேதான் இருக்கிறது. நமது சட்டத்தில் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இப்போது நீங்கள் முறைப்பாட்டுக்காரர். ஒரு பதிவு போட்டால் அடுத்த நாளே பிரதிவாதி ஆகலாம்.

"கொண்டு வாங்கோ, காசில்லாமல் செய்து தாறன்" என்ற அழைப்புக்கு என்ன சொல்வது? உடனே மறுக்காதீர்கள், திருத்த வாய்ப்பே கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. அதற்காகக் காரை அவர் கையில் ஒப்படைத்து சாட்சியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். படம், அறிக்கை எல்லாம் கைக்கு வந்த பிறகு, நிபந்தனையோடு ஒரு பதில் எழுதலாம்: ஹெட் நாங்கள் சொல்கிற லேத்துக்குப் போகும், பம்ப் புதியதாக எங்கள் முன்னால் பெட்டி உடைத்துப் போட வேண்டும், வேலையை எங்கள் ஆள் பார்ப்பார், ஆறு மாத உத்தரவாதம் எழுத்தில் தர வேண்டும். ஒப்புக்கொண்டால் யோசியுங்கள். என் ஊகம், ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னுமொன்று, அவர் கராஜுக்குள் கார் போய், புதிதாகக் கூலி ஏதும் பாக்கி என்று அவர் சொன்னால், அது தீரும் வரை வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை வேலை செய்தவருக்குச் சட்டத்தில் உண்டு. ஆகவே "காசில்லாமல்" என்ற சொல் முதலில் எழுத்தில் வரட்டும்.

இவ்வளவும் செய்து சான்றிதழோடு வெளியே வந்தால், அப்போது வழக்கைப் பற்றிப் பேசலாம். காலம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், கவனயீனத்தால் வந்த நட்டம் என்று தாக்கல் செய்தால் இரண்டு வருடம். பாதுகாப்புக்கு இரண்டு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசெசர் சாட்சி சொல்ல வருவாரா, அந்த ஆளிடம் அறவிட ஏதாவது இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் வழக்குக்கு நானும் ஆம் சொல்வேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும் சொல்ல மாட்டேன்.

மத்தியஸ்த சபையில் எவ்வளவுக்கு இறங்கலாம் என்று கேட்பீர்கள். ஒன்றரை இலட்சம் கையில் காசாக வந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். தவணையாகக் கட்டுகிறேன் என்றால் இரண்டு இலட்சத்துக்குக் குறைய வேண்டாம், முதல் தவணை அன்றைக்கே, மிச்சத்துக்கு ஒவ்வொரு திகதியும் இணக்கப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். பம்புப் பெட்டியைக் கடைசித் தவணை வரும் வரை எறிய வேண்டாம்.